ஒரே தலையில் இரண்டு நேர்ச்சை

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வெட்டிக் கொடுத்த கூந்தலில் நரை விழுந்திருந்தது.

கவினா முதலில் அதைத் தூசி என்றுதான் நினைத்தாள். வருடத்தில் ஒன்பது நாள் மட்டும் திறந்து, மிச்ச நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற வயல்வெளிக் கோவில். உத்தரத்துக் குருவி எச்சமும் சுண்ணாம்புப் பொடியும் மாதாவின் தலையில் விழாமல் வேறெங்கே விழும்? விரலால் வழித்துப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு, வேர் முதல் நுனி வரை வெள்ளை. அவளுடைய இன்னொரு கை, யாரும் சொல்லாமலே, தன் தலைத்துணிக்குள் போய் இடது பொட்டைத் தொட்டது. போன குளிர்காலத்தில் அங்கே விழுந்த நரையும் அதே அகலம்தான்.

வெட்டிய முடி நரைக்குமா? கத்தரித்து மூட்டை கட்டிய ஆட்டு ரோமத்துக்கு மூட்டைக்குள்ளேயே வயதாகுமா?

"என்னடி கவினா, உன் முடிகிட்ட குசலம் விசாரிக்கிறியா? சீக்கிரம் எடு. கதவைச் சாத்திக்கிட்டு இந்தப் புழுக்கத்துல எனக்கு மூச்சு முட்டுது," என்றாள் ராய்மொண்டா. மாதாவுக்கு உடை மாற்றும் பெண்களில் அவள்தான் மூத்தவள். காது மந்தம், வாய் மட்டும் கூர்மை.

மாதா பொன் பூசிய கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். ஆள் உயரத்துக்குப் பேரி மரத்தில் செதுக்கிய சுரூபம். மூடிய இமை, மார்பின் மேல் கோத்த கை, கால்மாட்டில் வெள்ளிச் செருப்பு. திருவிழாவின் முதல் நாள் அவளுக்கு உடை மாற்றுவது மூன்று பெண்களின் வேலை. ஆண்கள் வாசலுக்குக்கூட வரக்கூடாது. பாதிரியாரும் ஆண்தானே என்று ராய்மொண்டா அவரையும் விரட்டிவிடுவாள். மாதாவின் கூந்தல் ஊர்ப் பெண்கள் நேர்ந்துகொண்டு கொடுக்கிற நிஜ முடி. ஒருத்தி புதிதாகக் கொடுத்தால் பழையது இறங்க வேண்டும். இறக்குவதற்கும் ஒரு முறை இருந்தது. கொடுத்தவளே தன் கையால் கழற்றி, மாதாவின் காதருகே குனிந்து, "கேட்டதை விட்டேன்" என்று சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்திருந்தாலும் சரி, கிடைக்காமல் போயிருந்தாலும் சரி.

கவினாவுக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தொன்பதாவது வயதில், முழங்கால் வரை தொங்கிய முடியை ஒட்ட வெட்டி இந்தக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, ஒரு குழந்தை கேட்டாள். ஆணோ பெண்ணோ, ஒன்றே ஒன்று. வருடங்கள் போயின. அவள் புருஷன் பக்கிஸ் ஆடுகளோடு மலைக்குப் போனான், வந்தான், கேட்பதை நிறுத்தினான். ஐம்பத்தொன்று ஆகிவிட்ட பிறகு எந்த மாதா என்ன செய்வாள்? அவளுக்கு மிஞ்சிய ஆறுதல் ஒன்றுதான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சப்பரம் கோவிலைச் சுற்றி வரும்போது, பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு, "கவினா முடியைப் பாரு, இப்பவும் எப்படி மின்னுது" என்பார்கள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அவள் வருடத்தை ஓட்டுவாள்.

இந்த வருடம் அதுவும் போகிறது. போவதும் யாருக்காக? அன்னிக்காவுக்காக.

அன்னிக்கா அவளுடைய ஓர்ப்படி, பக்கிஸின் தம்பி பெண்டாட்டி. கடலோரத்து ஊர்க்காரி. பால் கறக்கத் தெரியாது, பாலாடைக்கட்டிக்குப் பால் திரியவிடத் தெரியாது, அவள் சுட்ட ரொட்டி உப்பவே உப்பாது. வீட்டில் எல்லோரும் அதைச் சிரித்துக்கொண்டே தின்றார்கள். வந்த முதல் வருடமே வயிறு நிறைந்தது. நேர்ச்சை இல்லை, அழுகை இல்லை, தும்மல் வருவது போல வந்தாள் பஸ்கேதா. இப்போது நாலு வயது. இந்த வருடத் திருவிழாத் தலைவிக்குச் சீட்டுக் குலுக்கியபோது, பத்தொன்பது வருடம் செம்புக் குடத்தில் கிடந்தும் வராத கவினாவின் பெயர் இந்த முறையும் வரவில்லை. முதல் முறை போட்ட அன்னிக்காவின் பெயர் வந்தது. கோவில் சாவி ஒரு வருடத்துக்கு அவள் இடுப்பில். அது போதாதென்று, குழந்தைக்கு நன்றி என்று தன் செம்பட்டை முடியை வேறு காது வரை வெட்டிக் கொடுத்தாள். அப்படி வெட்டிக்கொண்டது அவளுக்கு இன்னும் அழகாக இருந்தது. கவினாவுக்கு அதுதான் சகிக்கவில்லை.

ஒளிவுமறைவு எதற்கு? பொறாமைதான். நெஞ்சுக்குழியில் ஒரு தணல். காலையில் எழுந்தால் அவளுக்கு முன்பே அது எழுந்து உட்கார்ந்திருக்கும்.

"ரெண்டு சீப்பு எடுத்தியா அன்னிக்கா?" என்றாள் ராய்மொண்டா. "பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணு. ஒருத்தி முடியோட இன்னொருத்தி முடி சேரக் கூடாது. மாதாவுக்கும் வயசாச்சு. யாரு என்ன கேட்டான்னு குழம்பிடுவா."

"உங்களை மாதிரியா பெரியம்மா?"

"என்னை மாதிரிதான். நேத்து என் மருமக உப்பு கேட்டா, நான் சர்க்கரையைக் கொடுத்தேன். தின்னுட்டு ஒண்ணும் சொல்லலையே."

அன்னிக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு கோவிலின் வளைந்த கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. கவினா தன் முடியைக் கழற்றினாள். அடியில் மாதாவின் மொட்டைத் தலை, உளி பட்ட கோடுகளோடு, மங்கலாக மினுமினுத்தது. முடி மாற்றும்போது முகம் திறந்திருக்கக் கூடாது என்று ராய்மொண்டா அவசரமாக மாதாவின் முகத்தில் ஒரு துணியைப் போட்டாள். கவினா காதருகே குனிந்தாள். உதடுகள் அசைந்தன. ராய்மொண்டாவுக்குக் கேட்காது, அன்னிக்கா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

கவினா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கூந்தல் அவளோடு சேர்ந்து நரைத்திருந்தது. அப்படியென்றால் அது செத்த முடி இல்லை. அப்படியென்றால் மாதா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவளிடம் போய், விட்டேன் என்று சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

இறக்கிய முடியை ஒரு மரப்பெட்டியில் வைத்து நாடா கட்டி, எட்டாம் நாள் மாலை திருவிழா நெருப்பில் போடுவது வழக்கம். பெட்டியைக் கவினாவிடமே கொடுத்தார்கள். அவள் அதை, ஒன்பது நாளும் ஊரார் தங்கக் கோவிலைச் சுற்றி வரிசையாகக் கட்டியிருந்த அறைகளில் தங்கள் குடும்பத்து அறைக்குக் கொண்டுபோனாள். கூந்தலை எடுத்துத் தன் தலையணை உறைக்குள் சொருகினாள். பெட்டியில் கறுப்பு ஆட்டு ரோமத்தை அடைத்து நாடாவைப் பழையபடி கட்டினாள். எட்டாம் நாள் அது எரிந்தபோது எழுந்த நாற்றமும் முடி எரிந்த நாற்றமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்க" என்றார்கள். அவள் தேற்றிக்கொள்கிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

இடையில் கழிந்த நாட்கள்தான் சரியாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்துவிடுவார்கள். அறுத்த வயலிலிருந்து சூடும் பெருஞ்சீரக வாசனையும் ஜன்னல் மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக உள்ளே வரும், சிள்வண்டுகள் ஒரே சுரத்தில் கத்திக்கொண்டிருக்கும், ஆட்டுக்கறிக் கொழுப்பு படிந்த தட்டுகளில் ஈ மொய்க்கும். கவினா அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுப்பாள். கண் சொருகும் நேரத்தில் உச்சந்தலையில் யாரோ வகிடு எடுப்பது போல இருக்கும். நிதானமாக, நுனி விரலால், பழக்கமான கை. திடுக்கிட்டு எழுந்தால் அறையில் பக்கிஸின் குறட்டை மட்டும்தான். உறைக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். கூந்தல் சூடாக, அடைகாத்த கோழி எழுந்துபோன கூடு போல இருக்கும். நாலாம் நாள் அதில் ஈரம் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். அவளுடைய வேர்வைதான்.

பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் பஸ்கேதாவுக்குக் கலர்த்தாள் சுற்றிய பாதாம் உருண்டை கொடுத்தாள். குழந்தை வாங்கிக்கொள்ளும். வாங்கிய கையோடு ஓடிப்போய் அம்மாவின் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். ஒருமுறை கவினா அதன் கன்னத்தைத் தொடப் போனபோது கடித்துவிட்டது.

"பெரியம்மாவைக் கடிப்பியா? தப்புடி," என்றாள் அன்னிக்கா. பிறகு கவினாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கக்கா. என்னைத் தவிர யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்குது. என்ன செய்யறதுன்னே தெரியலை," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள், பதினைந்தாம் தேதி, திருவிழா. காலைப் பூசை முடிந்து, விருந்து முடிந்து, தர்ப்பூசணித் தோல்கள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மதியத்தில், அன்னிக்கா கதவோரம் வந்து நின்றாள். கண்கள் தூக்கத்தில் செருகின.

"அக்கா, கட்டிலைச் சுத்தி வச்ச பேசில் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தணும். சாயங்காலம் சப்பரம் கிளம்பறதுக்குள்ள வாடிடும். நீங்க போயிட்டு வர்றீங்களா? குட்டி என்னை விட மாட்டேங்குது."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினாள். பத்தொன்பது வருடமாகக் கவினா காத்திருந்த சாவி. கிணற்று வாளியைக் கொடுப்பது போலக் கொடுத்தாள். கவினா வாங்கிக்கொண்டாள். தலையணையோடு போனால் யாராவது பார்ப்பார்கள் என்று, கூந்தலைத் தன் தலையில் சுற்றி அதன் மேல் துணி கட்டிக்கொண்டாள். அது சட்டென்று பொருந்தியது.

முற்றத்தைக் கடக்கும்போது அவள் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. நாய்கள்கூட டிராக்டர்களுக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருந்தன. கோவில் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் துலங்கியது: தரையில் தூவிய இலைகள், மெழுகு வழிந்த பீடம், சுண்ணாம்புச் சுவரில் ஈரம் போட்ட படங்கள், நடுவில் கட்டில். குளிர்ந்த கல்லின் வாசனையும், அணைந்த திரியின் வாசனையும், பேசிலின் மிளகு வாசனையும் கலந்து வந்தன. மேலே உத்தரத்தில் குருவிகள் சச்சரவு போட்டன. சிள்வண்டுச் சத்தம் தடித்த சுவர்களுக்கு வெளியே தூரத்தில் எங்கோ கேட்டது.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். சொன்ன வேலையைச் செய்துவிட்டால் மற்றது பாவம் ஆகாது என்று ஒரு நினைப்பு. பிறகு அன்னிக்காவின் செம்பட்டை முடியை மாதாவின் தலையிலிருந்து மெல்லத் தூக்கினாள். தன் தலைத்துணியை அவிழ்த்துத் தன் கூந்தலை எடுத்து, அந்த மொட்டைத் தலையில் வைத்தாள். கறுப்பு முடியோடு சப்பரம் போனால் ஊர் கண்டுபிடித்துவிடும். அதனால் அதன் மேலேயே அன்னிக்காவின் முடியைப் பழையபடி வைத்து, ஓரங்களை உள்ளே தள்ளி, லேஸ் முக்காட்டை இழுத்துவிட்டாள். வெளியே தெரிவது அன்னிக்கா. உள்ளே, தலையை ஒட்டி, கவினா. இது போதும் என்று இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

முகத்துக்குத் துணி போட மறந்துவிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இமைகள் மூடித்தான் இருந்தன. மரத்தில் செதுக்கிய இமைகள், முந்நூறு வருடமாக மூடியவை. கவினா காதருகே குனிந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே வார்த்தைகள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"அவகிட்ட இருக்கிறதை எனக்குக் கொடு."

குருவிகள் நின்றன.

ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒரே நேரத்தில். சிள்வண்டும் நின்றது. ஆகஸ்ட் மதியத்தில் சிள்வண்டு நிற்பதை அவள் கேட்டதே இல்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை நழுவி மாதாவின் கன்னத்தில் பட்டது. சுட்டது. காய்ச்சல்காரக் குழந்தையின் கன்னம் போலச் சுட்டது. விரலை எடுத்துப் பார்த்தாள். ஈரம்.

மரத்துக்கு வேர்த்திருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். வெறுங்கால். சின்னக் கால். இலைகளின் மேல் சரக், சரக் என்று நாலைந்து எட்டு. நின்றது.

"பஸ்கேதா?"

கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது. மறுபடியும் சரக், சரக். தூணுக்குப் பின்னால். இப்போது இந்தப் பக்கம். இப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம். அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கட்டிலை மூடிய பட்டு விரிப்பின் தொங்கல் அசைந்தது. உள்ளே ஏதோ நுழைந்தது போல. அப்புறம் அமைதியாகிவிட்டது.

தாழைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முற்றத்தில் ஓடினாள். வெயில். நாய்கள். சிள்வண்டு கத்திக்கொண்டுதான் இருந்தது. அன்னிக்காவின் அறைக் கதவைத் தள்ளினாள்.

அன்னிக்கா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குள் பஸ்கேதா. கவினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. வெயில் தலைக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது குழந்தை விழித்திருப்பதைப் பார்த்தாள். அம்மாவின் கைக்குள் கிடந்தபடி, அசையாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துச் சிரித்தது. நாலு வருடத்தில் முதல் முறையாக.

சூரியன் சாயத் தொடங்கியதும் மணி அடித்தது. எட்டுப் பெண்கள் மாதாவின் கட்டிலோடு சப்பரத்தைத் தோளில் ஏற்றினார்கள். கவினாவுக்குக் கிடைத்த இடம் தலைமாட்டுப் பக்கம். லேஸ் முக்காட்டின் ஓரம் அவள் காதை உரசியது. முன்னால் அன்னிக்கா, வெள்ளித் தட்டில் சாவியை ஏந்தி, காது வரை வெட்டிய முடியோடு, யாரைப் பார்த்தாலும் புன்னகையோடு நடந்தாள். பாட்டு எழுந்தது. செருப்புகள் கிளப்பிய புழுதி சாய்ந்த வெயிலில் மஞ்சளாக நின்றது. முதல் சுற்று முடியும் நேரத்தில் கூட்டத்திலிருந்து பஸ்கேதா வந்தாள். அன்னிக்கா அவளைப் பார்த்துத் தட்டை ஒரு கைக்கு மாற்றி, மறு கையை நீட்டினாள். குழந்தை அந்தக் கையைத் தாண்டிப் போனது. நேராகக் கவினாவிடம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்தது.

"அம்மா," என்றது.

கவினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்தொரு வருடத்தில் அந்த வார்த்தையை யாரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. கண் நிறைந்தது, தோளில் இருந்த சுமை இறகாகிவிட்டது.

"பாருங்கக்கா, ஆளை மாத்திட்டா," என்று சிரித்தாள் அன்னிக்கா. "ஏய் குட்டி, அம்மா இங்க இருக்கேன். வா."

குழந்தை திரும்பி அவளைப் பார்த்தது. தெருவில் போகிறவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிறகு கவினாவிடம், "யாரும்மா அது?" என்று கேட்டது.

"வெயில்ல தூங்கி எந்திரிச்சா புள்ளைங்க இப்படித்தான் முறுக்கும்," என்றாள் பின்னால் வந்த ராய்மொண்டா. "விடுடி. பசிச்சா தானா வரும்."

அன்னிக்கா தலையை ஆட்டினாள். ஆனால் அவள் முகத்தில் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. உதடு சிரிக்க, கண் குழந்தையின் கை எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைக் கவினாவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். மற்றொருத்தியிடம் அதைப் பார்ப்பது எவ்வளவு இனிப்பு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒரு சுற்று முழுக்க அதை ருசித்தாள்.

இரண்டாவது சுற்றின் முடிவில்தான் கையைக் கவனித்தாள். எல்லோருக்கும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னக் கையில் வேர்வை இல்லை. சூடும் இல்லை. பிடி மட்டும் இருந்தது. கட்டைவிரலால் அதன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். நாடி எங்கே? வேறு இடத்தில் தேடினாள். இல்லை. கீழே பார்த்தாள். குழந்தை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்கவில்லை. அதன் கண்ணோரத்தில் ஒரு புழுதித் துணுக்கு ஒட்டியிருந்தது. அப்போதும் இமைக்கவில்லை.

அப்போது காதோரத்தில் கேட்டது.

"அம்மா."

கீழிருந்து அல்ல. தோளிலிருந்து. லேஸுக்குள்ளிருந்து.

"அம்மா. இருட்டா இருக்கு."

பஸ்கேதாவின் குரல். விசும்பல். மரத்துக்கு உள்ளே, ஆழத்தில், சின்னக் கைகள் எதையோ அடித்தன. டொக். டொக். சப்பரத்தின் தண்டு வழியாக அது கவினாவின் தோள் எலும்பில் இறங்கியது. முன்னால் பிடித்திருந்த பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும்.

ஒரு வார்த்தை போதும். நில்லுங்கள் என்றால் போதும். சப்பரத்தை இறக்கி, முக்காட்டை விலக்கி, மேல் முடியையும் கீழ் முடியையும் பிடுங்கி எறிந்து, விட்டேன், விட்டேன், கேட்டதை விட்டேன் என்று கத்தினால் போதும். வாய் திறந்தது. அன்னிக்கா திரும்பிப் பார்த்தாள். காது வரை வெட்டிய அழகான முடி. நீட்டிய கை.

"அம்மா, பாடு," என்றது கீழே இருந்தது.

கவினா பாடினாள். தொண்டை கிழியப் பாடினாள். உள்ளே அழுகை ஏறியபோது இவள் குரலும் ஏறியது. "இந்த வருஷம் கவினாவுக்கு என்ன பக்தி," என்று யாரோ சொன்னார்கள்.

மூன்று சுற்றும் முடிந்தது. சுரூபத்தைக் கோவிலுக்குள் கொண்டுபோய் இறக்கி, விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். இனி அடுத்த ஆகஸ்ட்தான். ஆண்கள் டிராக்டர் வண்டிகளில் மெத்தைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள், நடுவில் குழந்தை. அன்னிக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியைப் பூட்டில் வைத்தாள். கை நின்றது.

"அக்கா. உள்ள யாரோ கூப்பிட்ட மாதிரி இல்ல?"

"என்னன்னு?"

"அம்மான்னு."

கவினா கதவைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அன்னிக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"உன் பொண்ணு இங்கதானே நிக்கிறா," என்றாள். "வேற யாரு உன்னை அம்மான்னு கூப்பிடப் போறாங்க?"

அன்னிக்கா குழந்தையைப் பார்த்தாள். குழந்தை கவினாவின் பாவாடைக்குப் பின்னால் ஒதுங்கி, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அன்னிக்காவின் உதடு கோணியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினாள். பிறகு வண்டிகள் நின்ற பக்கம் நடந்தாள்.

கவினாவும் நடந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. டிராக்டர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முகத்தைத் துடைக்கலாம் என்று கையை இழுத்தாள். விரல்கள் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். தன் எலும்பு நெரிகிற சத்தம் கேட்டது. அந்த ஐந்து விரல்களும் மூடியது மூடியபடி இருந்தன. "வலிக்குதாம்மா?" என்று அது கேட்டது. கேட்டபோது அதன் வாய் அசையவில்லை. பின்னால், பூட்டிய கோவிலுக்குள், டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.